பன்றிக்கு நாம் கொடுத்தது

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பியதும் வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வரத் தொடங்குகின்றன. இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) ‘ஏ’ வைரஸ்களின் இயற்கையான உறைவிடம் இத்தகைய நீர்ப்பறவைகள்தான். அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பன்றி வளர்க்கிறார்கள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை குப்பங்களில், வலையிலிருந்து உதறி எறியும் பொடிமீனுக்காக நாய்கள் காத்துக் கிடக்கின்றன. சென்னை வட்டாரத்தில் மனிதர்களுக்கு ஃப்ளூ கூடுவதும் ஏறக்குறைய இதே மழை மாதங்களில்தான். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, விலங்கிடமிருந்து நமக்கு என்ன வருமோ என்ற பயமே முதலில் எழுகிறது. ஆனால், நம்மிடமிருந்து விலங்குக்கு என்ன போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

2009-இல் உலகைச் சுற்றிய எச்1என்1 வைரஸ் பன்றியில் உருவானது உண்மை. இந்த வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகை வைரஸ் ஒரே செல்லுக்குள் புகுந்துவிட்டால், இரண்டு சீட்டுக்கட்டைச் சேர்த்துக் கலைத்ததுபோலத் துண்டுகள் கலந்து புது வைரஸ் வெளியே வரும். 2009 வைரஸில் ஆறு துண்டுகள் வட அமெரிக்கப் பன்றிகளிடமிருந்தும் இரண்டு ஐரோப்பிய, ஆசியப் பன்றிகளிடமிருந்தும் வந்தவை. அந்த ஆறையும் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. பிபி1 என்ற துண்டு மனிதரிடம் சுற்றிவந்த எச்3என்2 வைரஸிலிருந்து பன்றிக்குப் போனது. செல்லில் ஒட்ட உதவும் எச்ஏ துண்டு, 1918 பெருந்தொற்றின் வழிவந்தது. அப்போது மனிதரிடமிருந்தே பன்றிக்குத் தொற்றியிருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. 2009 தொற்று பரவிய பிறகும் இதுவே நடந்தது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரு பன்றிப் பண்ணையில் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. உத்தரப் பிரதேசப் பன்றிகளிடம் கிடைத்த வைரஸும் மனித வைரஸோடு நெருங்கிய உறவுடையது என்று இசத்நகர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் 2010-இல் எழுதினார்கள். மரபுவரிசைகளை ஒப்பிட்ட மார்த்தா நெல்சன் போன்ற ஆய்வாளர்கள், பன்றியிலிருந்து மனிதருக்கு வந்து நிலைத்ததைவிட, மனிதரிடமிருந்து பன்றிக்குப் போய் நிலைத்ததே மிக அதிகம் என்கிறார்கள்.

நாயின் கதை சற்று வேறு. 2004-இல் ஃபுளோரிடாவின் பந்தய நாய்களுக்கு வந்த எச்3என்8 குதிரையுடையது. கொரியாவில் நாய்களிடம் பரவி 2015-இல் சிகாகோவை எட்டிய எச்3என்2 பறவையுடையது. நாயிடமிருந்து மனிதருக்கு ஃப்ளூ வந்ததாக இதுவரை பதிவில்லை. உரிமையாளரிடமிருந்து நாய்க்குப் போனதற்கு 2009 டிசம்பரில் நியூயார்க்கில் ஓர் ஆதாரம் உண்டு. ஆகவே நாய் விஷயத்தில் அலட்சியம் சரி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. நாய்களுக்குள் பரிணமித்த எச்3என்2, மனித செல்லின் ஏற்பியையும் பற்றிக்கொள்ளும் திறன் பெற்று, ஃபெர்ரெட் என்ற ஆய்வக விலங்குகளிடையே காற்றுவழி பரவியதைச் சீன ஆய்வாளர்கள் 2023-இல் காட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பேசினால் பன்றி வளர்ப்போரின் பிழைப்பு போகும் என்பது நியாயமான கவலை. 2009-இல் எகிப்து சுமார் மூன்று லட்சம் பன்றிகளைக் கொன்றது. தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியது, பன்றிகளைக் கொன்றதால் அது நிற்கவில்லை. நன்றாக வெந்த இறைச்சியால் ஃப்ளூ வருவதுமில்லை. பன்றிமேல் விழுந்த இந்தப் பழி போக வேண்டுமானால், நோய் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். சளியும் இருமலுமாக இருக்கும் பன்றியின் மூக்குச் சளியை மட்டும் எடுத்தால் பாதிதான் தெரியும். அதைப் பராமரிப்பவரின் மாதிரியும் அதே வாரத்தில் வேண்டும். செலவு பெரிது என்பார்கள். பராமரிப்பாளருக்கு மழைக்கு முன் ஒரு ஃப்ளூ தடுப்பூசி, காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு சில நாள் விடுப்பு, இவ்வளவுதான் முதல் செலவு. கடினமானது வேறு: மனித மாதிரி கிண்டி கிங் நிலையத்துக்கும், விலங்கு மாதிரி போபால் உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்கும் போகும்போது, இரண்டு முடிவுகளையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடுவதைச் சுகாதாரத் துறையும் கால்நடைத் துறையும் சேர்ந்து தங்கள் பொறுப்பாக ஏற்பது.

(தொடரும்)