பழைய மரவேலியைப் பிடுங்க ஆள் பிடிக்கிறீங்களா?



லயத்தை விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீட்டுக்குப் போன குடும்பங்கள் பல, கையில் கிடைத்த கம்பையும் பலகையையும் வைத்து வேலி கட்டிக்கொண்டன. மழையிலும் பனியிலும் நனைந்து அந்த வேலிகள் உக்கிச் சாய்கின்றன. "பிடுங்கிப் போடுறதுதானே, என்ன பெரிய வேலை?" என்று ஒன்றும் பேசாமலே கொந்தராப்புக் கொடுத்துவிடுகிறோம். பிறகு கூலிக்கும் சண்டை, எல்லைக்கும் சண்டை. வேலையைக் கொடுக்குமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. எல்லையைக் குறியுங்கள்

பல இடங்களில் வேலிதான் இரண்டு வீட்டுக்கும் எல்லை. அதைப் பிடுங்கிய பிறகு, "கட்டை இங்கதான் நின்னுச்சு", "இல்ல, அங்க" என்று வாக்குவாதம் வரும். ஆகவே முதல்நாளே பக்கத்து வீட்டில் சொல்லுங்கள்: "அக்கா, நாளைக்கு வேலியைப் பிடுங்கப் போறோம். மூலைக்கு மூலை கல் வைக்கிறோம், நீங்களும் வந்து பாருங்க." இந்த ஒரு வார்த்தை பல வருஷச் சண்டையைத் தடுக்கும். நில அளவையாளர் நட்ட கல் இருந்தால் யாரும் அதை அசைக்கவே கூடாது. காணி இன்னும் தோட்டத்தின் பொறுப்பில் இருந்தால் ஆபீசிலும் அறிவித்துவிடுங்கள்.

2. குழாய், வயர் பாருங்கள்

பீலித் தண்ணீர்க் குழாய் வேலியோரமாகப் புதைந்திருக்கலாம். அலவாங்கு ஒரு குத்துக் குத்தினால் வரிசைக்கே தண்ணீர் இல்லை. குழாய் போகும் இடத்தை நீங்களே முன்னால் காட்டுங்கள். வேலிக் கட்டையில் கரண்ட் வயர் கட்டியிருந்தால், அதை அகற்றும்வரை கட்டையில் கைவைக்க விடாதீர்கள்.

3. எதற்குக் கூலி என்று பேசுங்கள்

மரக்கட்டை முதலில் உக்குவது மண்மட்டத்தில்தான். ஈரமும் காற்றும் அங்கே சேருவதால் பூஞ்சணம் பிடிக்கிறது. இழுத்தால் மேல்பாகம் ஒடிந்து வரும். அடிக்கட்டை மண்ணுக்குள் நின்றுவிடும். அதைத் தோண்டி எடுப்பதுதான் உண்மையான வேலை.

ஒரு கணக்குப் பாருங்கள். 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடி. 40 அடிக்கு 48 அடி என்று வைத்தால் சுற்றளவு 176 அடி. 6 அடிக்கு ஒரு கட்டை என்றால் ஏறக்குறைய 30 கட்டை. "வேலி முழுக்க இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசினால், அடிக்கட்டையை விட்டுவிட்டுப் போக வழியுண்டு. "அடிக்கட்டையோடு ஒரு கட்டைக்கு இவ்வளவு" என்று பேசினால் இருவருக்கும் கணக்குத் தெளிவு.

4. கடதாசியில் எழுதுங்கள்

எத்தனை கட்டை, மொத்தக் கூலி எவ்வளவு, எந்த நாளில் முடியும், குழியை மூடுவது யார், கழித்த மரம் யாருக்கு: இந்த ஐந்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் கால்பங்குக்கு மேல் வேண்டாம். குழியை மூடி மண்ணை இடித்த பிறகே மீதியைக் கொடுங்கள். திறந்த குழியில் பிள்ளைகள் விழலாம். சரிவான இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி மண்ணும் சரியலாம். அடைமழைக் காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

5. கழித்த மரத்தில் கவனம்

நல்ல பலகை கோழிக்கூட்டுக்கு ஆகும். ஆனால் தாரோ கழிவு எஞ்சின் ஒயிலோ பூசிய கட்டையை அடுப்பில் வைக்காதீர்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு நஞ்சு. கறையான் பிடித்ததை வீட்டுச் சுவரோரம் அடுக்காதீர்கள். ஆணிகளையும் முள்ளுக்கம்பியையும் ஒரு டின்னில் பொறுக்கிப் போடச் சொல்லுங்கள். யாருக்காவது ஆணி குத்தினால், மஞ்சள் பூசிவிட்டுச் சும்மா இருக்கவேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் ஏற்பு ஊசி போடவேண்டுமா என்று கேளுங்கள்.

வேலி போனாலும் பக்கத்து வீட்டு உறவு போகக்கூடாது. பேச வேண்டியதை முதலில் பேசுங்கள். அலவாங்கைப் பிறகு எடுங்கள்.