மந்தார நாட்களுக்கு ஓர் எலுமிச்சைப் பானம்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடசென்னைப் பக்கத்து மீஞ்சூர், வள்ளூர், எண்ணூர் வட்டாரத்தின் வானம் பல நாட்கள் மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது. டிசம்பர் இறுதியில் லண்டனின் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைந்துவிட, ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் அமைந்த வள்ளூருக்கு அப்போதும் 11 மணி நேரத்துக்கு மேற்பட்ட பகல் கிடைக்கிறது. ஆகவே இங்கே மனத்தைச் சோர்வுறச் செய்வது பகலின் குறுக்கமன்று, மேகமும், மழை ஓய்ந்தபின் காலைப் பனியோடு கலக்கும் புகையும் மங்கச் செய்யும் வெளிச்சமே. குளிர்நாட்டார் இத்தகைய நாட்களில் எலுமிச்சை இனப் பழங்களைக் கொண்டு வீட்டிலேயே கலவைப் பானங்கள் செய்து பருகுகின்றனர். அவ்வழக்கத்தின் வேர்களுள் ஒன்று சோழமண்டலக் கரையில் இருக்கிறது.

சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, நீர், நறுமணப் பொருள் ஆகியவை சேர்ந்த ‘பஞ்ச்’ என்னும் பானத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அறியப்பட்ட மிகப் பழைய குறிப்பு, இன்று ஆந்திரத்தில் நிஜாம்பட்டினம் எனப்படும் பெட்டப்பொலியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர் ஒருவருக்கு 1632 இல் எழுதப்பட்ட கடிதத்தில் வருகிறது. சென்னைப்பட்டினம் தோன்றியதற்கு ஏழாண்டு முற்பட்டது அது. பிற்காலத்துக் காக்டெயில்களில் பல இந்தப் புளிப்பு–இனிப்பு இணையின் வழிவந்தவையே. சாராயத்தை நீக்கிவிட்டாலும் இந்த அமைப்பு குலைவதில்லை என்பதால், சோடாவைக் கொண்டே அதனை முழுமையாக விளக்கலாம்.

வடசென்னைக்கு எலுமிச்சை அரிய பொருளன்று. மீஞ்சூர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையில் வடக்கே உள்ள கூடூர், எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்போனது. கோடையில் விலை ஏறி, வாங்குவோரை மலைக்கவைக்கும் இப்பழம், தேவை குறையும் மழைக்காலத்தில் மலிவாகவே கிடைக்கிறது. இதன் சாற்றில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காடு வரை சிட்ரிக் அமிலம் உண்டு. சுவீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்லெம் ஷீலெ 1784 இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்தே இதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அமிலம் நாவில் பட்டவுடன் உமிழ்நீர் பெருகுவதால் வாய் துலங்கியது போன்ற உணர்வு உண்டாகிறது. ஆயினும் புளிப்பு என்பது பாதிப் பானமே; எலுமிச்சையை எலுமிச்சை என்று மூக்குக்கு அறிவிப்பது தோலாகும். தோலின் வண்ணப் படலத்தில் நுண்ணிய எண்ணெய்ப் பைகள் செறிந்துள்ளன; அவ்வெண்ணெயில் லிமோனீன், சிட்ரால் முதலிய மணப்பொருள்கள் அடங்கியுள்ளன. மூடியைப் பிழிந்த கையோடு குப்பைக்கூடையில் எறியும் வழக்கம், விலை கொடுத்து வாங்கிய மணத்தையே எறிவதற்கு ஒப்பானது.

தோலின் எண்ணெய் நீரில் எளிதில் கரையாது. எனவே அதனை வெளிக்கொணரச் சர்க்கரை பயன்படுகிறது. நாரத்தை, ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றை நன்கு கழுவித் துடைத்து, கசப்புமிக்க உள்வெள்ளைப் பகுதி சேராதவாறு வண்ணப் படலத்தை மட்டும் மெல்லியதாகச் சீவி, நான்கைந்து பழங்களின் தோலுக்கு 100 கிராம் சர்க்கரை என்ற அளவில் பிசறி, கண்ணாடிக் கிண்ணத்தில் ஐந்தாறு மணி நேரம் மூடிவைக்க வேண்டும். சர்க்கரை, தோலின் ஈரத்தைச் சவ்வூடு பரவல் என்னும் முறையில் வெளியே இழுக்கும்போது எண்ணெயும் உடன் வருகிறது. நாட்டு எலுமிச்சையின் தோல் மிக மெல்லியது என்பதால் சீவுவதற்கு நாரத்தையே ஏற்றது. இந்தச் சர்க்கரையில் 100 மில்லிலிட்டர் வெந்நீர் சேர்த்துக் கரைத்து வடிகட்டினால் கிடைக்கும் பாகில் 25 மில்லிலிட்டரும், புதிதாகப் பிழிந்த சாற்றில் 20 மில்லிலிட்டரும் ஒரு குவளைக்குப் போதும். குளிர்ந்த சோடாவை இறுதியில் ஊற்றி, ஒருமுறை மட்டும் மெல்லக் கிளற வேண்டும். புளிப்பு மிக்க கலவை ஈயம் பூசாத பித்தளையைத் தாக்கும் ஆதலின் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரமே உகந்தது.

சோடா நாவில் தரும் சுறுசுறு உணர்வைக் குமிழி உடைவதன் விளைவு என்றே பலர் கருதுகின்றனர். உண்மையில் கரைந்துள்ள கரியமில வாயுவை நாவிலுள்ள ஒரு நொதி கார்பானிக் அமிலமாக மாற்றுவதே அவ்வுணர்வுக்கு முதன்மைக் காரணமாகும். பானம் குளிரக் குளிர இனிப்பு மங்கித் தோன்றுவதால், பனிக்கட்டி இடுவோர் பாகைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். உப்பிலுள்ள சோடியம் கசப்பை அடக்கும் தன்மையுடையது. சோடாக் கடைகளில் இனிப்பு எலுமிச்சைச் சோடாவிலும் ஒரு சிட்டிகை உப்பு இடும் வழக்கம், வேதியியல் அறியாமலேயே எட்டப்பட்ட நல்ல முடிவு.

சாத்துக்குடிச் சாற்றைப் பயன்படுத்துவோர் அதனைப் பிழிந்து நெடுநேரம் வைத்திருத்தல் ஆகாது. பழத்தில் கசப்பற்றிருந்த ஒரு பொருள், திசு உடைந்து அமிலத்தோடு கலந்தபின் மெல்ல மெல்ல லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறிவிடுகிறது. மணம் தரும் லிமோனீனும் கசப்பு தரும் லிமோனினும் வெவ்வேறு பொருள்கள். எலுமிச்சைத் தோலில் ஃபியூரனோகூமரின் எனப்படும் வேறொரு வகைப் பொருள்களும் உண்டு; அவை படிந்த நம் உடல்தோலின்மீது வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால், ஓரிரு நாளில் கொப்புளமும், பின்னர் வாரக்கணக்கில் நீடிக்கும் கருமையும் தோன்றக்கூடும். ஆகவே மேகம் விலகி வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் தோல் சீவியவர்கள் வெளியே செல்லும் முன் முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவிக்கொள்வது நல்லது.