பாட்டு ஒருவரோடு போய்விடலாமா?

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் தோட்டத்துக் கோயிலில் ஞாயிறுதோறும் ஆர்மோனியமோ கீபோர்டோ வாசிப்பவர் யார்? பாட்டை எடுத்துக் கொடுப்பவர் யார்? பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடச் சொல்லித் தருபவர் யார்? மூன்று கேள்விகளுக்கும் ஒரே பெயர்தான் பதிலாக வருகிறதா? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்பட்டது.

அந்த ஒருவர் நாளைக்கு மகன் வீட்டோடு பட்டணத்துக்குக் குடி போகலாம். வேலையிலிருந்து ஓய்வு பெறலாம். நோய்வாய்ப்படலாம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. லயத்தில் ஒன்றாய் வாழ்ந்தவர்கள் நாலா திசையிலும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். போனவர்களோடு பாட்டும் போனது. கட்டடம் இருக்கிறது, பாட்டுப் புத்தகம் இருக்கிறது, ராகம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை என்ற நிலை ஒரு சபைக்கு வருவது எவ்வளவு துயரம்! புத்தகத்தில் இருப்பது சொற்கள்தாம். மெட்டு பாடுகிறவரின் நெஞ்சில் அல்லவா இருக்கிறது?

ஆகவேதான் மறைமாவட்டங்களும் சபைகளும் பாடகர் குழுவினருக்கும், ஆர்கன் வாசிப்பவர்களுக்கும், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருபவர்களுக்கும் நடத்தும் இசைப் பயிற்சிப் பட்டறைகளை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணாதீர்கள். கத்தோலிக்கக் கோயிலானாலும், மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபையானாலும், பாட்டு ஒருவரிடமிருந்து பலருக்குப் போய்ச் சேரும் வழி இதுவே.

ஞாயிறு பள்ளிக்குப் பிறந்த முறை

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்ததன்று. 1841-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கூடினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாட்டைச் சுலபமாகச் சொல்லித் தர நல்ல முறை எது என்று கண்டு சொல்லும்படி ஜான் கர்வன் என்ற இளம் போதகரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் இசை மேதை அல்லர். நார்விச் நகரில் சாரா குளோவர் என்ற பெண்மணி பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பித்து வந்த முறையை அவர் எடுத்துக்கொண்டு திருத்தி வளர்த்தார். அதுவே 'டானிக் சோல்ஃபா' எனப்படும் டோ, ரே, மீ முறை.

ஐந்து கோடுகளும் புள்ளிகளும் இல்லாமல் சாதாரண எழுத்துகளாலேயே மெட்டை எழுதிவிடலாம். அச்சிடச் செலவு குறைவு. கூலி வேலை செய்தவர்களும் கற்றுக்கொண்டு பெரிய பாடகர் குழுக்களில் பாடினார்கள். தென்னாப்பிரிக்காவில் இன்றும் பல பாடகர் குழுக்கள் இந்த எழுத்துகளைப் பார்த்தே பாடுகின்றன.

நமக்கு இது புதிதா? ச ரி க ம ப த நி நம் சொத்தல்லவா? பாடுகிறவர் குரலுக்கு ஏற்ற இடத்தில் நாம் சட்ஜத்தை வைத்துக்கொள்வது போலவே, கர்வன் முறையிலும் 'டோ' எந்தக் கட்டையிலும் அமரும். அவர்களுடைய ஏழு ஸ்வரங்களை வரிசையாகப் பாடினால் நம் சங்கராபரணமே ஒலிக்கிறது.

கிறிஸ்தவத் தமிழர்களின் இசைச் செல்வமும் சிறிதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இசை மரபில் கீர்த்தனைகளை இயற்றினார். ஆசிரியராகத் தொழில் தொடங்கிச் சித்த மருத்துவராகப் பெயர் பெற்ற ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டினார். தமிழிசை ஆராய்ச்சியாகக் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை 1917-இல் வெளியிட்டார். இவர்கள் வழிவந்த நாம் மெட்டை எழுதி வைக்கத் தெரியாமல் இழக்கலாமா?

1927-இல் சிட்னி நிக்கல்சன் என்பவர் கோயில் இசைக்கென்று ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அது 'ராயல் ஸ்கூல் ஆஃப் சர்ச் மியூசிக்' என்று அழைக்கப்படுகிறது. இந்தப் பணிக்காக இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் ஆர்கன் வாசிக்கும் உயர்ந்த பதவியையே அவர் விட்டு விலகினார். சின்னச் சபைகளின் பாடகர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்பதை அவ்வளவு முக்கியமாகக் கருதினார். கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, தாய்மொழியில் வழிபாடு நடக்க வழி திறந்தது. இசைப் பயிற்சியையும் வலியுறுத்தியது. தாய்மொழியில் பாட உரிமை கிடைத்த பிறகு, அதை நன்றாகப் பாடுவது நம் கடமை.

பாடகர் குழுவுக்கு

பட்டறைக்குப் போனால் என்ன கற்றுக்கொள்ளலாம்? முதலில் மூச்சு. தோளைத் தூக்கி மூச்சு இழுப்பவர்கள் பாதி வரியிலேயே திணறுவார்கள். விலாவும் வயிறும் விரிய மூச்சை இழுத்து, அதைச் சிறுகச் சிறுக விட வேண்டும். மூச்சு எடுக்கும் இடத்தைக் குழு முழுவதும் முன்கூட்டியே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்து மூச்சு வாங்கினால் பொருளே கெட்டுப் போகும்.

இரண்டாவது, காது. பக்கத்தில் நிற்பவர் குரல் உங்கள் காதில் விழவில்லை என்றால் நீங்கள் உரக்கப் பாடுகிறீர்கள் என்று பொருள். மூன்றாவது, தமிழ். ழகரமும் ளகரமும், குறிலும் நெடிலும் கெடாமல் பாட வேண்டும். பாடும் முன் பாட்டை ஒருமுறை எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். பொருள் தெரியாமல் பாடுகிற பாட்டு கேட்கிறவர் நெஞ்சில் எப்படி இறங்கும்?

வாசிப்பவருக்கு

வாத்தியம் பாட்டுக்குத் துணையே தவிர எசமான் அல்ல. தொடக்கத்தில் வாசிக்கும் சில அடிகளை, சபை பாட வேண்டிய அதே வேகத்தில் வாசிக்க வேண்டும். முன்னிசை ஓட்டமாகவும் பாட்டு நடையாகவும் இருந்தால் சபை தடுமாறும். ஒரு சரணத்துக்கும் அடுத்ததற்கும் இடையே விடும் இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கட்டும். வாசிக்கும்போதே வாய்க்குள் சொற்களைப் பாடிப் பாருங்கள். சபைக்கு எங்கே மூச்சு வேண்டும் என்பது அப்போது தானே விளங்கும்.

பாமாலைப் பாட்டும் கீர்த்தனையும் ஒன்றல்ல என்பதையும் உணர வேண்டும். மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாட்டுக்கு இடக்கையில் கார்டு வாசித்தால் அழகு. அதே கார்டுகளைக் கீர்த்தனைக்குப் போட்டால் பல ராகங்களோடு அவை மோதும். கமகத்தைக் கட்டைகளில் கொண்டுவர முடியாது. ஆகவே கீர்த்தனைக்கு மெட்டை மட்டும் மெல்ல வாசித்து, ச–ப சுருதியைப் பிடித்துக்கொண்டால் போதும். மீதியைக் குரல்கள் பார்த்துக்கொள்ளும்.

கைப்பேசியில் பதிவான இசையை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அதற்கு ஏற்ப உதடு அசைக்கும் வழக்கமும் சில இடங்களில் வந்துவிட்டது. பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. பாட்டி மூச்சு வாங்கினால் நிற்காது, குழந்தை தவறினால் திரும்பாது. நாளடைவில் சபை வாய்மூடிக் கேட்கத் தொடங்கிவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவருக்கு

இங்கேதான் பெரியவர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். பிள்ளைகளின் குரல் மென்மையானது; இயல்பிலேயே உயரமானது. கீபோர்டின் நடு 'சி'க்கு அடுத்த 'டி' தொடங்கி அதற்கு மேலுள்ள 'டி' வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வசதியான எல்லை என்று கொள்ளலாம். பெரியவர்கள் தங்களுக்கு வசதியாகத் தாழ்த்தி எடுத்துக் கொடுத்தால், பிள்ளைகள் அடித்தொண்டையில் உறுமுவார்கள். "சத்தமா பாடு, சத்தமா பாடு" என்று அதட்டினால் கத்துவார்கள். உறுமலும் கத்தலும் பாட்டல்ல; தொண்டைக்கும் கேடு.

ஆண் ஆசிரியரின் குரல் பிள்ளைகள் குரலைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அதைப் பிடிக்க முயன்றே பல பிள்ளைகள் சுருதி தவறுகிறார்கள். "இவனுக்குப் பாட்டு வராது" என்று நாம் முடிவு கட்டுகிறோம்! அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை ஆயுள் முழுவதும் வாய் திறக்க மாட்டான். ஒரு பெண்மணியோ, நன்றாகப் பாடும் பிள்ளையோ வரியைப் பாடிக் காட்டட்டும். சுருதி தவறும் பிள்ளையை அவர் அருகில் நிறுத்துங்கள். சில வாரங்களில் மாற்றம் தெரியும்.

புதுப் பாட்டுக்கு இப்படிச் செய்யுங்கள். முதலில் முழுப் பாட்டையும் பாடிக் காட்டுங்கள். "இதில் எந்தச் சொல் மூன்று தடவை வந்தது?" என்பது போல ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு ஒவ்வொரு வரியாகப் பாட, பிள்ளைகள் திருப்பிப் பாடட்டும். அவர்கள் பாடும்போது நீங்கள் பாடாமல் கேளுங்கள். பின்பு இரண்டு இரண்டு வரியாகச் சேருங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். கர்வன் முறையில் கைச் சைகைகளும் உண்டு. 'டோ'வுக்கு மூடிய முட்டி. 'மீ'க்குத் தரையைப் பார்த்த தட்டையான உள்ளங்கை. 'சோ'வுக்குத் தன்னைப் பார்த்த உள்ளங்கை. ஸ்வரம் ஏற ஏறக் கையும் ஏறும். எழுத்தறியாத சிறுவனும் கண்ணால் பார்த்துப் பாடிவிடுவான்.

யாரை அனுப்புவது?

பட்டறை அறிவிப்பு வந்தால், குரல் இனிமையானவரையே தேடாதீர்கள். பொறுமையுள்ளவரை, கற்றதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்க மனமுள்ளவரை அனுப்புங்கள். ஒருவரை மட்டும் அனுப்பாமல் ஒரு பெரியவரையும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். பஸ் காசையும் சாப்பாட்டுச் செலவையும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள். வீட்டுக்கு இரண்டு வெள்ளி போட்டால் சபையே தாங்கிவிடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "பொம்பளைப் பிள்ளை, வெளியூருக்கு எதற்கு?" என்று மகளைத் தடுக்காதீர்கள். பயமாக இருந்தால் அக்காளையோ அத்தையையோ துணைக்கு அனுப்புங்கள். மேலே சொன்ன முறைக்கு விதை போட்டவரே ஒரு பெண்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

போய் வந்தவர்கள் இரண்டு வாரத்துக்குள் கற்றதைக் குழுவுக்குச் சொல்லித் தர வேண்டும். அடுத்து, ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் சபையின் வயதான அம்மாமார், தாத்தாமார் பாடும் பழைய மெட்டுகளைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு வரிவரியாக ஸ்வரம் எழுதி அந்த நோட்டில் சேருங்கள். கைப்பேசி பழுதாகலாம், தொலையலாம். நோட்டுக்கு இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கோயில் அலமாரியில் வையுங்கள். நாளைக்கு உங்கள் தோட்டமே கலைந்தாலும், அந்த நோட்டைக் கொண்டுபோய் எந்த அடுக்குமாடிக் கூடத்திலும் பாட்டை மறுபடி தொடங்கலாம்.

கிறிஸ்தவரல்லாத அன்பர்களும் இதை அயலார் விஷயம் என்று விட வேண்டியதில்லை. தேவார வகுப்பும் பஜனைக் குழுவும் இதே ஒற்றை ஆளை நம்பித்தானே பல இடங்களில் நடக்கின்றன? மூச்சும் சுருதியும் எல்லார்க்கும் பொதுவானவை.

இந்த ஞாயிறு வழிபாடு முடிந்ததும் வீட்டுக்கு அவசரப்படாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். "அடுத்த பயிற்சிக்கு யார் இருவர் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பாட்டி பாடிய பாட்டைப் பேத்தியும் பாட வேண்டும் என்றால், அந்த இருவரின் பெயர் அன்றே எழுதப்பட வேண்டும்.