பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

தீபாவளிக்கு முந்திய சனி, ஞாயிறுகளில் ஹட்டன் டவுனில் கால் வைக்க இடம் இருக்காது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை என்று நாலா பக்கத்து பஸ்களும் அங்கேதான் வந்து ஆட்களை இறக்கும். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். கடைக்குள் போட்டுப் பார்க்க இடமில்லை, கண்ணாடி முன்னால் நிற்க நேரமில்லை. "சீக்கிரம் சொல்லுங்கக்கா" என்றபடியே பையன் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவான். பிள்ளைகளுக்கு எடுத்து, வீட்டுக்காரருக்கு எடுத்து, கடைசியில் தனக்கென்று ஒன்றைப் பாதி மனதோடு எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது மழை பிடித்திருக்கும். என் அம்மா பல வருடம் அப்படித்தான் வீடு வந்தார். நானும் வந்திருக்கிறேன்.

வீட்டில் பையைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் தோள் இறங்கி நிற்கும், இல்லையென்றால் கை நுழையாது. துணி மின்னும், ஆனால் குளிர் தாங்காது. "எனக்கு எந்த உடுப்பும் சரிவராது" என்று மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவோம். பெட்டி நிறையத் துணி இருக்கும். திங்கட்கிழமை காலையில் உடுத்த ஒன்றும் இருக்காது.

இதற்கு உங்கள் உடம்பின் மேல் குற்றம் சொல்லாதீர்கள். கடையில் தொங்குகிற உடுப்பு பெரும்பாலும் நம் மலைக்காக வெட்டப்பட்டதல்ல. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,870 மீற்றர் அளவில். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் நுவரெலியாவில் புல்மேல் உறைபனி படியும். கொழும்பு வெக்கைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் தைத்த மெல்லிய பளபளப்புத் துணி இங்கே தோற்றுப்போவது இயல்புதான்.

இன்னொரு வகை உடுப்பும் நம் கடைகளுக்கு வருகிறது, ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியது. நுவரெலியாவின் பேல் பஜாரில் மாட்டியிருக்கும் ஜக்கெட்டுகளும் சுவெட்டர்களும் பலவும் இப்படி வந்தவைதான். கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடரில் குறை வந்துவிடக் கூடாது என்று தொழிற்சாலைகள் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டித் தைக்கும். சில ஓடர்கள் பாதியில் நின்றுபோகும், சில உருப்படிகளில் தையல் பிசகும். கப்பலேறாத இந்தத் துணிதான் கட்டுக்கட்டாக மலையேறி வருகிறது. மகள் தைத்த ஜக்கெட்டை அம்மா பேல் பஜாரில் காசு கொடுத்து வாங்குவதற்குக்கூட இடமிருக்கிறது. அந்தக் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

அந்த ஜக்கெட் நல்ல துணிதான், நல்ல தையல்தான். அளவு மட்டும் வேறு யாருடையதோ. பெண்கள் உடுப்பில் பிரித்தானியர் 10 என்று போடுவதை அமெரிக்கர் 6 என்பார்கள், ஐரோப்பாவில் அதுவே 38. மூன்று இலக்கமும் ஒரே உடம்பைத்தான் குறிக்கின்றன. அதுவும் ஒரு கம்பனிக்கும் இன்னொரு கம்பனிக்கும் ஒத்துவராது. இவற்றில் அமெரிக்க இலக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் மனசு கொஞ்சம் லேசாகும். 1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை நாடாவால் அளந்தது. கடைசிக் கணக்கில் வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டுமே சேர்த்தார்கள். அதை வைத்து 1958இல் அங்கே ஓர் அளவு நியமம் வெளியானது. நடைமுறைக்கு ஒத்துவராமல் 1983இல் அதையும் கைவிட்டார்கள். ஆகவே லேபலில் இருக்கும் இலக்கம் உங்களைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. கடைக்குப் போகும்போது லேபலை நம்பாமல் ஒரு அளவு நாடாவைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையைப் பாயில் விரித்து, தோள் முனையிலிருந்து தோள் முனைக்கும், அக்குளுக்குக் கீழே குறுக்காகவும், தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அளந்து துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போனால், கூட்டத்தில் போட்டுப் பார்க்காமலே பாதிச் சட்டைகளைத் தள்ளிவிடலாம்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது.

லயத்துக் காம்பிராவில் உடுப்பு வைப்பது லேசான காரியமில்லை. அலுமாரி வைக்க இடமில்லாத வீட்டில் டிரங்குப் பெட்டியும் கொடிக்கயிறும்தான். சுவரில் ஓதம் ஏறும், கூரைத் தகரத்தில் வேர்த்துச் சொட்டும். ஜூன், ஜூலையில் துவைத்தது மூன்று நாள் ஆனாலும் பச்சையாகவே இருக்கும். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். "உடுக்க ஒன்றுமில்லை" என்பதில் பாதி, உண்மையில் கெட்டுப்போன துணிதான்.

வெயில் அடிக்கிற ஒரு லீவு நாளைப் பாருங்கள். பெட்டியை இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து முழுவதையும் வெளியே எடுத்துப் போடுங்கள். மேலே சாம்பல் நிறத்தில் மாவு போலப் படிந்திருந்தால் அது மேலோட்டமான பூஞ்சணம்; வெளியே வைத்து உதறித் தட்டி, வெயிலில் இரண்டு பக்கமும் காயவிட்டுத் துவைத்தால் போய்விடும். பருத்தியில் மிளகை இறைத்தது போலக் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் அது நூலுக்குள் போய்விட்டது, முழுதாக எடுப்பது கடினம். அதை வேலை உடுப்பாக ஒதுக்குங்கள். கொழுந்துச் சாற்றின் கறை வேறு விதம். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். பீலித் தண்ணீரில் துரு இருந்தாலும் கறை கறுக்கும். அந்த இடத்தில் தேசிக்காய்ச் சாறு விட்டுக் கொஞ்ச நேரம் வைத்து அலசிப் பாருங்கள். சாயம் போகுமா என்று முதலில் உள் மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது முக்கியம்.

வெளியே எடுத்த துணியை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: போன மாதம் இதை எந்த நாளில் உடுத்தினேன்? பதில் வராத துணிகளைப் பார்த்தால் பெரும்பாலும் அவை தீபாவளிக்கோ, சடங்குக்கோ, திருவிழாவுக்கோ ஒரு நாளுக்கென்று வாங்கியவையாக இருக்கும். காலையில் பெரட்டுக்குப் போகிற நாள், ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுகிற நாள், பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டத்துக்குப் போகிற நாள் ஆகியவற்றுக்கு நாம் எதையும் வாங்குவதில்லை. நம் சலிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். வருடத்தில் ஒரு நாளுக்காக முற்பணம் எடுத்து உடுப்பு வாங்குகிறோம். மாதாமாதம் சம்பளத்தில் அந்த முற்பணம் வெட்டுப்படும்போது அந்த உடுப்பு பெட்டியில் கிடக்கிறது.

அன்றாடத்துக்கு எது தேவை என்று பார்க்க நம் பாட்டிமார் காலத்துக் கம்பளியை நினைத்துப் பார்க்கலாம். தோட்டங்கள் தொழிலாளர்களுக்குக் கறுத்த முரட்டுக் கம்பளியைக் கொடுத்து, அதன் விலையைக் கணக்கில் பற்றாக எழுதிக்கொண்டன. கடனோடு வந்த துணி அது. ஆனால் அந்தக் கம்பளியைக் கொங்காணி போட்டு மழையில் நின்றவர்களுக்கு அது உண்மையாகவே உதவியது. ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது, சூட்டையும் முழுதாக விட்டுவிடாது. பருத்தி நேர்மாறு: தண்ணீரைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், காய நேரமெடுக்கும், உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பேல் பஜாரில் கிடைக்கும் பஞ்சு போன்ற ஃபிளீஸ் பொலியெஸ்டர் நூல். தண்ணீரை அதிகம் பிடிக்காது, பிழிந்து தொங்கவிட்டால் சீக்கிரம் காயும். லயத்துக்கு அது நல்ல துணி. ஒரேயொரு ஆபத்து, நெருப்பு. மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பொலியெஸ்டர் சூட்டில் உருகும், பற்றினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஃபிளீஸை அடுப்புக்கு மேலே போடாதீர்கள், அதைப் போட்டுக்கொண்டு அடுப்புக்குள் குனியவும் வேண்டாம்.

குளிருக்குத் தடித்த ஒற்றை ஜக்கெட்டைவிட, உள்ளே ஒரு பனியன், அதன் மேல் மெல்லிய சுவெட்டர், அதற்கு மேல் காற்றும் தூறலும் புகாத மெல்லிய மேற்சட்டை என்று அடுக்கிப் போடுவது நல்லது. சூடு தருவது துணி அல்ல, அடுக்குகளுக்கு நடுவில் அகப்பட்டு நிற்கிற காற்று. காலை ஏழு மணிக் குளிரில் மூன்றும் இருக்கும், பத்து மணி வெயிலுக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம்.

இனி தையல்காரர். புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன் இருப்பதில் இரண்டை அவரிடம் கொண்டுபோங்கள். கையால் தைத்துத் தந்த ரவிக்கைகளில் விலாப்பக்கம் உள்ளே துணி விட்டிருப்பார்கள். திருப்பிப் பார்த்தால் மங்காத பழைய நிறத்தில் ஒரு பட்டை தெரியும். அதைப் பிரித்துவிட்டால் இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அதே ரவிக்கை உடம்புக்கு வரும். ரெடிமேட்டில் இந்தத் துணி அநேகமாக இருக்காது, அதனால் அதைப் பெரிதாக்க முடியாது, சிறிதாக்க மட்டும்தான் முடியும். பேல் பஜாரில் சந்தேகம் வந்தால் சற்றுப் பெரியதை எடுங்கள் என்று சொல்வது இதனால்தான். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தை வெட்டலாம், கையைச் சுருக்கலாம். தோள் மட்டும் ஆரம்பத்திலேயே சரியாக இருக்க வேண்டும். தோளைப் பிரித்துத் தைப்பது சட்டையையே புதிதாகத் தைப்பதற்குச் சமம். நடுவில் கிழிந்த சேலையின் முந்தானைப் பக்கத்தில் பிள்ளைக்குப் பாவாடைக்குத் துணி மிஞ்சும், இது உங்களுக்குத் தெரிந்ததே.

காசுக் கணக்குக்கு வருவோம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது. ஒரு உடுப்பின் விலையை ரூபாவில் பார்க்காமல் எத்தனை நாள் பேர், அதாவது எத்தனை நாள் சம்பளம், என்று பாருங்கள். மூன்று நாள் பேருக்குச் சமமான ஒரு ஜக்கெட்டை மூன்று குளிர்காலம் போட முடியுமானால் அது மலிவு. ஒரு நாள் பேருக்கு வாங்கிய சட்டையை இரண்டு தடவைதான் போடுவீர்கள் என்றால் அது விலை கூடியது. லயத்துக்கே மூட்டை கொண்டுவந்து கடனுக்குத் தரும் துணி யாவாரியிடம் வாங்குவதில் ஒரு வசதி உண்டு, சொந்தக் கண்ணாடி முன்னால் நிதானமாக வைத்துப் பார்க்கலாம். "கைக்காசுக்கு என்ன விலை அண்ணே?" என்று முதலில் கேட்டுவிட்டு, தவணை விலையைப் பிறகு கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

நேரமும் காசுதான். சம்பளம் வந்த அடுத்த நாளும் தீபாவளி வாரமும் கடைக்குப் போக ஏற்ற நாள்களல்ல. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனிலும், சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறும் டிசெம்பர் முதல் மே வரையான மாதங்களில் மஸ்கெலியா பக்கத்திலும், குளிர் உடுப்புக் கடைகள் வெளியூர்க்காரர்களைப் பார்த்தே விலை சொல்லும். குளிர் உடுப்பை நுவரெலியாவில் மார்ச்சுக்கு முன்னாலோ, சீசன் அடங்கிய பிறகோ தேடினால் பேரம் பேச வாய்ப்பு உண்டு. எடுத்ததைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். இரண்டு கையும் ஒரே நீளமா என்று ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். மிஞ்சிய உடுப்பில் பிசகு இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவை நான் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன், சாதாரண புதன்கிழமை, கூட்டமில்லை. கடைக்காரர் ஒரு ஜக்கெட்டைக் கொடுத்து, "கண்ணாடியைப் பாருங்கம்மா, எடுப்பா இருக்கு" என்றார். அம்மா கண்ணாடி பக்கம் திரும்பவே இல்லை. கடை நடுவில் நின்று, கொழுந்து பறிக்கிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரலை மடக்கி, பின்னால் கூடைக்குள் போடுவது போல ஒரு வீச்சு வீசினார். முதுகு பிடித்தது, கை மணிக்கட்டுக்கு மேலே ஏறியது. கழற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது, ஆம்பிளைகள் பக்கத்தில் தொங்கிய நீலச் சட்டை, தோளுக்குச் சரியாக இருந்தது. மறுபடி கையை நீட்டி வீசிப் பார்த்தார்.

"இதுல கை போகுது" என்றார். "நீளத்தை மட்டும் வெட்டணும்."