மாத்திரையும் ஒரு சிட்டிகை உப்பும்

"நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?" இருமுனை மனநோய் உள்ள பெண்கள் பலர் கேட்பது இது. நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான், அம்மா!

இந்நோய்க்குப் பலருக்கும் கொடுக்கப்படும் லித்தியத்தின் குணத்தை 1949-இல் எழுதியவர் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட். அதுவும் ஓர் உப்பு வகைதான். ஆகவே திடீரென்று சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாலோ, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றினாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுக்கம் அதிகமாகி, வாந்தி, தள்ளாட்டம் கண்டால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். தலைவலிக்கு ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுக்கொள்வதும் ஆகாது.

கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

அப்புறம் தூக்கம். கல்யாண வீட்டில் இரண்டு ராத்திரி கண் விழித்தால் போதும், சிலருக்கு மனம் தலைகால் தெரியாமல் பறக்க ஆரம்பித்துவிடும். பிள்ளை பெற்றவளுக்கோ தினமும் கண்விழிப்பு! ராத்திரி அழும் குழந்தையைக் கணவர் எழுந்து தூக்கினால் என்ன, குறைந்தா போய்விடுவார்?