தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஒரே ஏணி

மாங்காய் பறிக்கவும், ஓடு மாற்றவும், தண்ணீர்த் தொட்டி கழுவவும் விவசாயிகள் பலர் இப்போது அலுமினிய ஏணி வாங்குகின்றனர். எடை குறைவு, ஒருவரே தூக்கிச் செல்லலாம், உளுத்துப் போகாது. ஆனால் அதில் மின்சாரம் பாயும். தோப்பின் மேலே மின்கம்பி செல்லுமானால் காய்ந்த மூங்கில் ஏணியே மேல். அதுவும் நனைந்துவிட்டால் ஆபத்துதான். எந்த ஏணியானாலும் கம்பிக்கு அடியில் நிமிர்த்தித் தூக்கிச் செல்லக் கூடாது. படுக்கை வாட்டத்திலேயே கொண்டு செல்ல வேண்டும்.

குழாய்க்குள் குழாய் இறங்கிச் சுருங்கும் ஏணி, வீட்டு மூலையில் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு படியின் பூட்டும் சரியாக விழுந்தால்தான் அதில் ஏறலாம். மணலும் சேறும் புகுந்தால் பூட்டு விழாது. ஆகவே அது வீட்டுக்குச் சரி, வயலுக்கு உதவாது. தோட்டத்துக்குக் கீல் வைத்து மடக்கும் ஏணி பரவாயில்லை.

ஏணி எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்க வேண்டும். ஆளின் எடையோடு காய்க்கூடையின் எடையும் கணக்கில் சேரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சுவரில் 12 அடி உயரத்தில் சாய்த்தால் அடிப்பாகம் 3 அடி தள்ளியிருக்க வேண்டும். ஈர மண்ணில் ஏணிக்காலின் கீழே பலகை போடுவது நல்லது.

பழைய மர ஏணிக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது; விரிசல் தெரியாமல் மறைந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் தடவினால் போதும்.