கடைவாய் ஈறு வீங்கினால்



கடைவாயில் ஈறு வீங்கிவிட்டால் நம்மவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "உடம்புச் சூடு, இரண்டு நாளில் வற்றிவிடும்." வற்றியும்விடுகிறது. அதுதான் சங்கடம். வீக்கம் வற்றியதால் காரணமும் நீங்கிற்று என்று அநேகர் எண்ணிக்கொள்ளுகிறார்கள். வார்டுகளில் நோயாளிகளோடு பேசி வருகிற நாங்கள் பல் வைத்தியர்கள் அல்ல. ஆனாலும் தாடையும் கழுத்தும் வீங்கி வந்து படுத்திருப்பவர்களிடம் மெதுவாக விசாரித்தால், சில மாதங்களுக்கு முன்பே ஒருமுறை வீங்கி வற்றிய கதை அடிக்கடி வெளிவருகிறது. ஆகவே பல் வைத்தியர்கள் தரும் விளக்கத்தை இங்கே எளிய முறையில் எழுதுகிறோம்.

வாலிபருக்கு வரும் வீக்கத்திற்கு அநேகமாக ஞானப்பல்லே காரணம். ஏறக்குறைய 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் தாடையின் கடைசியில் முளைக்கிற பல் இது. (சாலொமோன் கேட்டுப் பெற்ற ஞானத்திற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, புத்தி தெளியும் வயதில் வருவதால் இப்பெயர்.) தாடையில் இடம் போதாவிட்டால் அது பாதி முளைத்தும் பாதி புதைந்தும், சிலருக்கு முன்னால் உள்ள பல்லின்மேல் சாய்ந்தும் நின்றுவிடுகிறது. வெளிவராத பாகத்தை ஈறு ஒரு மூடி போல மூடியிருக்கும். அந்த மூடியின் அடியில் சோற்றுப் பருக்கையும் கிருமிகளும் தங்குகின்றன. பிரஷ் அங்கே எட்டாது. ஈறு வீங்கும். வீங்கிய ஈற்றின்மேல் மேற்பல் கடிக்கும். கடிபட்டதால் இன்னும் வீங்கும். வாயைத் திறப்பதும் விழுங்குவதும் கஷ்டமாகிவிடும். வைத்தியர் மூடியின் அடியைக் கழுவிச் சுத்தம் செய்தாலே பலருக்குத் தணிந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வருமானால் பல்லை எடுத்துவிடச் சொல்லுவார்கள். எக்ஸ்ரே பார்க்காமல் இதை முடிவு செய்ய இயலாது.

நடுவயதினருக்கு வருவது பெரும்பாலும் சொத்தைப் பல்லின் விளைவு. இதை விளங்கிக்கொள்ளுவது மிகவும் அவசியம், ஏனெனில் ஏமாந்துபோவது இங்கேதான். சொத்தை பல்லின் உள்ளே இருக்கும் நரம்பை எட்டும்போது தூங்கவிடாத வலி வருகிறது. சில நாட்களில் வலி தானாக நின்றுவிடுகிறது. வியாதி தீர்ந்ததல்ல, நரம்பு செத்துப்போயிற்று! செத்த நரம்பில் வளரும் கிருமிகள் வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகின்றன. அந்தச் சீழ் வழி தேடி ஈற்றில் பரு போல ஒரு சிறு கட்டியாக எழும்பும். உடைந்தால் வாயில் உப்புக் கரிப்பாக ஏதோ ஊறும், வீக்கம் வற்றும். ஊற்று உள்ளேயே இருப்பதால் மறுபடியும் கட்டும். மருந்துக் கடையில் வாங்கிப் போடும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை பரவியதைத் தணிக்குமே தவிர, இரத்த ஓட்டமில்லாத அந்தச் செத்த பல்லுக்குள் போய்ச் சேராது. ஒன்று, வேர் சிகிச்சை செய்து உள்ளே சுத்தமாக்கி அடைக்கவேண்டும். அல்லது பல்லை எடுக்கவேண்டும்.

சொத்தையே இல்லாமலும் வீங்குவதுண்டு. பல்லோடு ஒட்டிய காரையினால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை போலாகிவிட, அந்தப் பைக்குள் சீழ் கட்டுகிறது. பல் ஆட்டம் காணும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இது அதிகம். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். நமது சபைகளில் 50 வயதைக் கடந்தவர்கள் இதைக் கவனிப்பார்களாக. இரண்டு பற்களின் இடுக்கில் இறைச்சி நாரோ மீன் முள்ளோ சிக்கி வீங்குவதும் உண்டு, எடுத்துவிட்டால் சரியாகும்.

கர்ப்பவதிகளுக்கு ஈறு சிவந்து வீங்கலாம், பிரசவத்திற்குப் பின் பெரும்பாலும் தணியும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்திற்குத் தரும் அம்லோடிபின் போன்ற மருந்துகளாலும் சிலருக்கு ஈறு தடிக்கிறது. அதற்காக யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. மருந்து எழுதிய டாக்டரிடம் சொன்னால் அவர் மாற்றித் தரக்கூடும்.

வீட்டு வைத்தியத்தில், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கொப்பளிப்பது நல்லது. ஆனால் வலி மாத்திரையைப் பொடித்து ஈற்றில் வைக்கிறவர்கள் உண்டு. அது ஈற்றை வெந்துபோகச் செய்யும். கன்னத்தின் வெளியே சூடான ஒத்தடமும் வேண்டாம் என்கிறார்கள். சீழ் வெளித்தோலை நோக்கி வர அது ஏதுவாகும்.

இனிச் சொல்லப்போவதை வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருக்கவேண்டும். கீழ்த்தாடையின் கடைசிப் பற்களின் வேர்நுனிகள் வாயின் அடித்தளத்துத் தசைக்கும் கீழே இருக்கின்றன. எனவே அங்கே கட்டிய சீழ் சுலபமாகத் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கிவிடும். இருபக்கமும் வீங்கி, நாக்கை மேலே தள்ளி மூச்சை அடைக்கும் நிலையை ஜெர்மன் வைத்தியரான லுட்விக் 1836-ல் விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. காய்ச்சலோடு தாடைக்குக் கீழே வீக்கம், வாய் திறக்க இயலாமை, எச்சில் விழுங்க முடியாமை, குரல் மாறுதல், மூச்சுத் திணறல் - இவற்றில் எதைக் கண்டாலும் காலைவரை காத்திருக்கலாகாது. அந்த இரவிலேயே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும்.

இவ்வளவும் வலியுள்ள வீக்கத்தைப் பற்றியது. எங்களை அதிகமாகக் கவலைப்படுத்துவது வலிக்காத வீக்கமே. வலியில்லாததால் யாரும் வருவதில்லை. கடைவாயில் ஒரு தடிப்பு, ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமின்றி ஆடும் பல், பல் எடுத்த பின்பும் ஆறாத குழி ஆகியவை 2 அல்லது 3 வாரங்களுக்கு மேல் நீடித்தால் புற்றுநோயா என்று பார்க்கவேண்டும். ஒரு சிறு துண்டுத் தசை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். புகையிலையை ஒதுக்கி வைக்கும் இடமும் இந்தக் கடைவாய்தானே! "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்" என்று நம்முடைய தாய்மார் சொல்லுவதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-ல் புகையிலை சேர்ந்த வெற்றிலையையே குற்றப்படுத்தியது. 2004-ல் வெளியிட்ட நூலிலோ புகையிலை சேராத வெற்றிலைபாக்கும், பாக்கு தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்துவிட்டது.

வீங்கியிருப்பவர்கள் வற்றும்வரை காத்திராமல், வீக்கம் இருக்கும்போதே போய்க் காட்டுங்கள். இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவியாயிருக்கும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். இருதயத்திற்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சர்க்கரை உள்ளவர்களும், கர்ப்பவதிகளும், பென்சிலின் ஒவ்வாதவர்களும் நாற்காலியில் உட்காருமுன்பே அதைச் சொல்லிவிடவேண்டும்.